எல்டிஎல் ஏறியது மருந்தின் குற்றமா?

ஹெபடைடிஸ் சி மாத்திரைகள் கல்லீரலைக் காத்து இதயத்தைக் கெடுக்கின்றன, சிகிச்சைக்குப் பின் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் ஏறுவதே அதற்குச் சாட்சி என்று சிலர் வாதிடுகிறார்கள். ஏறுவது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு, ஆபத்தும்கூட.

ஹெபடைடிஸ் சி வைரஸ் கொழுப்பைச் சார்ந்தே பெருகுகிறது. கல்லீரல் ரத்தத்துக்கு அனுப்பும், பின்னர் எல்டிஎல்லாக மாறும் விஎல்டிஎல் என்ற கொழுப்புத் துகள் உருவாகும் பாதையில் புகுந்து, அந்தக் கொழுப்பைப் போர்த்திக்கொண்டுதான் வெளியேறுகிறது. இதனால் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு தேங்கும், ரத்தத்தில் எல்டிஎல் குறையும். வைரஸின் மூன்றாம் மரபணு வகையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சிகிச்சைக்கு முன் ரிப்போர்ட்டில் கண்ட அந்த ‘நல்ல’ அளவு நோய் தந்தது. சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை அடக்கியதும், சில வாரங்களிலேயே உடலின் இயல்பான அளவு வெளிப்படுகிறது.

மருந்துதான் காரணம் என்பவர்கள் ஒன்றை விளக்கட்டும். பழைய இன்டர்ஃபெரான் ஊசியில் குணமானவர்களுக்கும் எல்டிஎல் ஏறியது. குணமாகாதவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ஏன்?

இதயத்தைப் பற்றிய கவலைக்கும் பதில் உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், சிகிச்சை பெறாதவர்களைவிடப் பெற்றவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் குறைவாகவே இருந்தன.

செய்ய வேண்டியது எளிது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் சொல்படி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் எடுங்கள். ஏற்கெனவே எடுப்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சில ஸ்டாட்டின்கள் இந்த மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. எல்டிஎல்லைக் குறைக்க மருந்து இருக்கிறது. சிகிச்சையைத் தவிர்த்து, சிரோசிஸ் எனும் தழும்பேற்றம் முற்றிய கல்லீரலை மீட்க மாத்திரை இல்லை.