அலை பாடுகிற ஊரா தரங்கம்பாடி? பெயருக்குள் இருக்கும் இன்னொரு கதை!

தரங்கம்பாடிக்குப் போய் செல்ஃபி போடுகிறவர்கள், படத்துக்குக் கீழே தவறாமல் ஒரு வரி சேர்ப்பார்கள்: 'அலைகள் பாடும் ஊர்'. சுற்றுலா விளம்பரங்களிலும் இதே வரிதான். 'தரங்கம்' என்றால் அலை. வடமொழியிலிருந்து வந்த சொல். அதில் பிரச்னை இல்லை, சிக்கல் 'பாடி'யில்தான்.

இந்தப் பாடிக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பாடி என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். கண்ணன் வளர்ந்த ஆயர்பாடியை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். குறிஞ்சிப்பாடி, காட்பாடி என ஊர்ப்பெயர்களில் இந்தச் சொல் நிறையவே உண்டு. வாணியம்பாடியில் சரஸ்வதியே வந்து பாடினாள் என்று ஒரு தலக்கதை இருக்கிறது. 'பாடி' என்று காதில் விழுந்தாலே நமக்குப் பாட்டுதான் ஞாபகம் வரும்போல!

சரி, அலையோரத்துக் குடியிருப்பு என்று முடித்துவிடலாமா? அங்கேதான் ஒரு கல்வெட்டு குறுக்கே வருகிறது. ஊரின் கடற்கரையில் இருக்கிறது மாசிலாமணிநாதர் கோயில். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் 'சடங்கன்பாடி'. அதில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை. சடங்கன், தரங்கம்... இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எதிரே கடலை வைத்துக்கொண்டு பேசுகிற ஊரில், ஒன்று மற்றொன்றாக மாற அதிக காலம் பிடித்திருக்காது.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் வந்தபோது அந்த மாற்றம் முடிந்திருந்தது என்றே சொல்லலாம். அவர்கள் வாயில் ஊர் 'டிராங்கெபார்' ஆனது. அதற்குள் 'தரங்கம்' கேட்கிறதா? கடைசியில் இருந்த 'பாடி'தான் தேய்ந்து 'பார்' ஆகிவிட்டது. 1706-ல் இங்கே வந்த சீகன்பால்கு ஜெர்மனிக்கு எழுதிய கடிதங்கள் மூலம் இந்தப் பெயர் அங்கேயும் பரவியது. ஆங்கிலத்தில் அது 'டிராங்குபார்'.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூருக்கு டென்மார்க்காரர்கள் 'ஃபிரெடரிக்ஸ்நகர்' என்று தங்கள் மன்னரின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர் இன்று புழக்கத்திலேயே இல்லை. இங்கே ஊர்க்காரர்கள் சொன்னதையே தங்களுக்கு வந்தபடி சொன்னார்கள். 1845-ல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். 'டிராங்குபார்' மட்டும் இன்றுவரை தங்கிவிட்டது.

டென்மார்க்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கோயிலையும் எட்டிப் பார்க்கலாம். 'சடங்கன்பாடி'க்குச் சாட்சி சொல்லும் அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. மேற்கொண்டு அரிக்காமல் இருக்கக் கரையில் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.