எல்லைக்கு அந்தப் பக்கம் வியாபாரம், இந்தப் பக்கம் விஷம்: கெத்தும் இலையும் நம் உடம்பும்



கெடா, பெர்லிஸ் பக்கத்துச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு சமாச்சாரம் அலுத்தே போயிருக்கும். கெத்தும் இலை மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது. கெத்தும் நீர் காய்ச்சிய வீட்டில் சோதனை. எல்லையைத் தாண்டவிருந்த காரை போலீஸ் மடக்கியது. ஊர்ப்பெயர் மாறும், சமாச்சாரம் மாறாது.

அதே எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் நிலைமை என்ன? 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி இந்த இலையைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு 2022-இல் அதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் விற்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். மற்றவர்கள் சாலையோரக் கடையில் கீரை வாங்குவது போல வாங்கிக்கொண்டு போகலாம்.

நம்மவர்கள் கேட்கிறார்கள்: "அங்க சரின்னா இங்க ஏன் தப்பு? மரத்துக்குத் தெரியுமா எல்லைக்கோடு?" நியாயமான கேள்விதான். "போதை கெட்டது, விட்டுவிடு" என்று ஒரே வரியில் புத்தி சொல்லிவிட்டுப் போனால் அது பதில் ஆகாது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இது என்ன மரம்?

கெத்தும் வந்தேறி மரம் அல்ல. ஆற்றோரத்திலும் சதுப்பிலும் தானாக வளரும் மண்ணின் மரம். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிராமத்து மலாய்க்காரர்கள் வயிற்றுப்போக்குக்கும் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் இதைக் காய்ச்சிக் குடித்தார்கள். இலையைக் கசக்கிப் புண்ணுக்குப் பற்றுப் போட்டார்கள். வயலிலும் கடலிலும் வெயிலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் களைப்பு தெரியாமல் இருக்க மென்றார்கள். அபினி கிடைக்காதவர்கள் அதற்குப் பதிலாக இதை உபயோகித்தார்கள் என்று 1836-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, இந்த இலை நேற்று முளைத்த போதை அல்ல. பாட்டாளியின் கைமருந்தாகத்தான் வெகுகாலம் இருந்தது.

இப்போதும் யார் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். மீன் பிடிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், கட்டட வேலைக்காரர், குலை வெட்டுகிறவர். கெடாவில் ஒரு தோட்டத்துப் பக்கம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது நடுவயதுத் தொழிலாளி ஒருவர் ஒளிக்காமல் சொன்னார்: "ஒரு கிளாஸ் உள்ள போனாத்தாண்ணே தோள்பட்ட தூக்குது. இல்லன்னா ரெண்டாவது வரிசையிலேயே ஒக்காந்துடுவேன்."

இந்தப் பேச்சில் போதை ஆசை எங்கே இருக்கிறது? தோள்வலிதான் இருக்கிறது. கெத்தும் விவகாரத்தை நாம் இங்கிருந்துதான் பிடிக்க வேண்டும்.

வலி எங்கே போகிறது?

பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தார் வெகுகாலமாக இந்த இலையை ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அவர்கள் செய்த ஒரு சோதனை 2020-இல் வெளிவந்தது. வழக்கமாகக் குடிக்கும் 26 ஆண்களை ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்று கணக்கெடுத்தார்கள். கெத்தும் குடிப்பதற்கு முன் சராசரியாக 11 வினாடி. குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஏறக்குறைய 25 வினாடி.

ஆக, "வலி தெரியல" என்று நம்மவர் சொல்வது பொய் இல்லை. இலையில் மிட்ராகைனைன் என்ற சத்து இருக்கிறது. கொஞ்சமாகப் போனால் சுறுசுறுப்பு கொடுக்கும். அதிகமாகப் போனால் அபினியைப் போல வலியை அமுக்கி மயக்கத்தில் ஆழ்த்தும்.

ஆனால் ஐஸ் தண்ணீர் சூடாகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் அதே தண்ணீர், கையும் அதே கைதான். "போதும், எடு" என்று உடம்பு போடும் சத்தம் மட்டும் அடங்கிவிடுகிறது. நாள் முழுக்கக் கழியைத் தூக்கிக் குலை வெட்டுகிறவரின் கழுத்தும் தோளும் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். தேய்கிற சத்தம்தான் அவருக்குக் கேட்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் வட மாநிலங்களில் வழக்கமாகக் குடிக்கும் 293 பேரை விசாரித்து 2014-இல் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதற்குக் கடுமையாக அடிமைப்பட்டிருந்தார்கள். தினமும் மூன்று கிளாசும் அதற்கு மேலும் குடிப்பவர்களின் நிலைமை இன்னும் மோசம். நிறுத்தினால் தசை இழுப்பு, உடம்பு வலி, தூக்கம் பிடிக்காமை, கண்ணிலும் மூக்கிலும் நீர், பசியின்மை, காரணம் இல்லாத கோபம். வலிக்காகக் குடிக்கத் தொடங்கியவர், குடிக்காவிட்டால் வலிக்கிறது என்று குடிக்கும் கட்டம் இது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள் பெரியவர்கள். சோற்றுக்கும் குழம்புக்கும் அது சரி. அங்கே அளவு நம் கையில் இருக்கிறது. இந்த இலை விஷயத்தில் கொஞ்ச நாளில் அளவு நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

சட்டம் யாரைக் கேட்டு வந்தது?

செடிகளின் தலையெழுத்தை எழுதுவது பெரும்பாலும் காசுதான். நாம் வாழ்வதே செடியை நம்பித்தான். நமக்கு இது தெரியாதா? பிரேசில் நாட்டு ரப்பர் லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தது, வெறும் 22 கன்றுகள். ஆப்பிரிக்காவின் செம்பனையை வியாபாரத்துக்கென்று 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் நட்டார்கள். இந்த இரண்டுக்காகவும் காடு அழிந்தது, நம் பாட்டன் பாட்டி கப்பலேறினார்கள். அவை செல்வம் என்று பெயர் வாங்கின.

அபினியை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-ஆம் ஆண்டு தொடங்கி நீரிணைக் குடியேற்றங்களில் பிரிட்டிஷ் அரசாங்கமே அபினி விற்றது. அரசாங்க வருமானத்தில் பாதி அளவுக்கு அபினியே கொடுத்த காலம் உண்டு. சீனத் தொழிலாளிக்கு அபினி, தமிழ்த் தொழிலாளிக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. சம்பளமாகக் கொடுத்த காசு சாயங்காலமே திரும்பிப் போக இரண்டு வழிகள்.

கெத்தும் மரத்தை முதலில் தடுத்ததும் தாய்லாந்துதான், 1943-இல். வரலாறு எழுதுகிறவர்கள் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்: அபினிக்கு வரி கட்ட முடியாத ஏழைகள் இலவசமாகக் கிடைத்த கெத்துமுக்கு மாறினார்கள், அபினி வருமானம் அடிபட்டது, ஆகவே இலைக்குத் தடை. ஏழையின் உடம்பைப் பற்றிய கவலை அதில் முன்னே நிற்கவில்லை. அந்தத் தடையை எடுக்க 78 ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டில் 2003-இல்தான் மிட்ராகைனைனை 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டு வந்தார்கள். அபாயகரமான போதைப்பொருள் சட்டத்துக்கே மாற்றலாம் என்று 2015-இல் பேச்சு அடிபட்டது. எதிர்ப்பு எழுந்து அப்போது நிறைவேறவில்லை. ஆனால் நச்சுப் பொருள் சட்டம் சாதாரணம் என்று யாரும் எண்ண வேண்டாம். அபராதமும் உண்டு, வருடக்கணக்கில் சிறையும் உண்டு. "தோட்டத்துல மொளச்ச எலதானே" என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. பையன் கையில் நாலு பாக்கெட் கொடுத்து, "அந்த வீட்ல குடுத்துட்டு வாடா" என்று அனுப்புகிறவர்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

இலை வேறு, பாக்கெட் வேறு

முன்காலத்துக் கிழவர் மென்ற இலைக்கும் இன்று பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் தண்ணீருக்கும் பெயர் ஒன்றுதான். எத்தனை இலை, எவ்வளவு நேரம் கொதித்தது, வேறு என்ன சேர்ந்தது? குடிக்கிறவருக்குத் தெரியாது. இருமல் மருந்தையும் கோலா பானத்தையும் கலந்து குடிக்கும் பழக்கம் தாய்லாந்து இளைஞர்களிடம் பரவி இங்கும் எட்டிப் பார்த்துவிட்டது. தூக்க மாத்திரையோடும் சாராயத்தோடும் சேர்த்தால் மூச்சே அடங்கிப் போகலாம். கர்ப்பிணி தொடர்ந்து குடித்தால், பிறந்த குழந்தையும் நடுக்கத்தோடும் ஓயாத அழுகையோடும் அவதிப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லாச் செடிக்கும் இந்தக் கதை உண்டு. கோகா இலையை மலைநாட்டுப் பழங்குடி மக்கள் தென்னமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக மென்றார்கள். அதன் சத்தைப் பிரித்தபோது கொக்கேய்ன் பிறந்தது. கசகசாச் செடியின் பாலிலிருந்து அபினி, அபினியிலிருந்து மார்பீன், மார்பீனிலிருந்து ஹெராயின். கெத்தும் அதே பாதையில் இறங்கிவிட்டது. இலையில் மிகச் சிறிய அளவில் இருக்கும் இன்னொரு சத்தைக் கெட்டியாக்கி அமெரிக்காவில் மாத்திரையாக விற்கிறார்கள். அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது.

செடியின் சத்தைப் பிரிப்பதே பாவமா? அப்படியும் இல்லை. நம் லயத்து வாசலில் பூத்து நிற்கிறதே நித்தியகல்யாணி, மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்களே, அதிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்து வருகிறது. இரத்தப் புற்றுநோய் கண்ட எத்தனையோ குழந்தைகளை அது பிழைக்க வைத்திருக்கிறது. அதற்காக அந்தப் பூவைப் பறித்து வீட்டில் கஷாயம் போடலாமா? கூடாது, விஷம். ஆஸ்பத்திரியில் குழந்தையின் எடை பார்த்து, இரத்தம் பார்த்து, துளித்துளியாக அளந்து கொடுக்கிறார்கள். கெத்தும் இலையும் ஒரு நாள் அப்படி அளந்து கொடுக்கும் மருந்தாக வரலாம். ஆய்வு நடக்கட்டும், நாம் வரவேற்போம். பாக்கெட்டில் விற்கிறவன் கையில் அந்த அளவுகோல் இல்லை.

நாம் கேட்க வேண்டியது

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளக் கோரிக்கையோடு "கள்ளுக்கடையை மூடு" என்பதையும் சேர்த்தே வைத்தார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து அடிபட்டார்கள். அவர்களுக்குக் கள் மட்டும் எதிரி அல்ல. வலியையும் வறுமையையும் கள்ளை ஊற்றி மறைத்த ஏற்பாட்டைத்தான் எதிர்த்தார்கள். இன்று அதே கெடாவில் பெயர் மாறி அந்த ஏற்பாடு திரும்பியிருக்கிறது. கடை வைத்தவன்தான் வேறு.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதற்கு மேல் பார்க்க வேண்டுமானால் கூடுதலாக வெட்ட வேண்டும். உடம்பு முடியாது என்கிறது, வீட்டுச் செலவு முடியும் என்கிறது. நடுவில் புகுந்து உடம்பின் வாயை அடைக்கிறது ஒரு கிளாஸ். ஆகவே, குடிக்கிற தொழிலாளியைப் பிடித்து உள்ளே தள்ளுவதால் மட்டும் இது தீராது. காய்ச்சி விற்றுக் கொழுக்கிறவன் வேறு, தோள்வலிக்குக் குடித்து மாட்டிக்கொண்டவன் வேறு. முதலாமவனுக்குச் சட்டம், இரண்டாமவனுக்கு வைத்தியம். அரசாங்கம் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் குலை எடையையும் நாள் கணக்கையும் பேசுவதோடு தோளையும் முதுகையும் பற்றியும் பேச வேண்டும். வேலையால் வந்த காயத்துக்கு மட்டும் அல்ல, வேலையால் வந்த நோய்க்கும் சொக்சோவில் வழி உண்டு. வலியை டாக்டரிடம் காட்டி எழுத்தில் வாங்கி வைத்தவர்களால்தான் அதைக் கேட்க முடியும். கெத்தும் குடித்து வலியை மறைத்தவரிடம் காட்டுவதற்கு என்ன இருக்கும்?

ஏற்கெனவே குடித்துப் பழகியவர்கள் ஒளிக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் எத்தனை கிளாஸ், எத்தனை வருஷம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் உள்ள பெண்களுக்கும் ஒரு வார்த்தை: அவர் குடியை நிறுத்தின முதல் சில நாள் எரிந்து விழுவார், தூங்க மாட்டார். அது இலை விடும்போது வரும் கோபம். அந்த நாட்களில் "இதுக்கு நீ குடிச்சே தொலை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் கெடாத் தொழிலாளியிடம் நாம் கடைசியாகக் கேட்டோம்: "தோள்வலின்னு ஒரு தடவயாவது டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "யாரும் கேக்கலியேண்ணே."

இனி நாம் கேட்போம்.