விதைத்த தேதியைச் சொல்லுங்கள்

ஆவணி பிறந்ததும் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி பேச்சு கூடிவிடுகிறது. ஆடியில் போட்ட விதைகள் எழும்பி, வெண்டை முதல் பூவைக் காட்டும் நேரம் இது.

"அக்கா, உங்க வீட்டுப் புடலை பந்தல் ஏறிடுச்சா?"

"ஏறி, பூவும் விட்டாச்சு. பிஞ்சைத்தான் காணோம்மா."

கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நடக்கும் இந்த விசாரிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. முதல் கத்தரிக்காயைப் பறிக்குமுன் படம் எடுத்துக் காட்டுகிறவரின் சந்தோஷமும் அப்படியே. ஒன்றே ஒன்றுதான் என் மனதில் நெருடுகிறது. காயைக் காட்டுகிறோம், பூவைக் காட்டுகிறோம். என்றைக்கு விதைத்தோம், எந்த ரகம், மாடியின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லாத படம் பார்க்க அழகு. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் அதை வைத்துத் தன் செடியைக் கணக்குப் பார்க்க முடியாது.

ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று நாம் சொல்லும் கணக்கெல்லாம் இப்படித்தான் உருவாகியிருக்க வேண்டும். அந்தந்த ஊரின் மழையையும் வெயிலையும் பூச்சியையும் பார்த்தவர்கள் வரப்பில் நின்று ஒருவருக்கொருவர் சொல்ல, அது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. ஆனால் அது வயலுக்கான கணக்கு. மாடி வேறு நிலம். பகலெல்லாம் தளம் குடித்த சூட்டை இரவில் திருப்பி விடும். வேருக்குக் கிடைப்பது பைக்குள் இருக்கும் ஒரு முழ ஆழம்கூட இல்லாத மண்கலவை. நாலு பக்கமும் காற்று. தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பை வாங்கிச் செடி வைத்தவர்களே நம் நகரங்களில் அதிகம். மாடிக்கென்று ஒரு பட்டம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். எழுதப்போகிறவர்களும் நாம்தான்.

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவைக்காரர் ஆடியில் நாற்று விட்டுப் புரட்டாசியில் பழம் பறிக்கிறார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று அவர் மாடியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. அதே நாளில் விதைத்த சென்னைக்காரருக்குச் செடி தளதளவென்று வளரும். பூ மட்டும் கொட்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் தக்காளி மகரந்தம் வீரியம் இழக்கும், பிஞ்சு பிடிக்காது. அதற்கு எந்த உரமும் மருந்தில்லை. தேமோர்க் கரைசல், மீன் அமிலம் என்று மாற்றி மாற்றித் தெளித்துச் சோர்ந்துபோனவர்களை நான் அறிவேன். புரட்டாசிக் கடைசியில் விதைத்து, அடைமழையில் நாற்றை ஒதுக்கமான இடத்தில் காப்பாற்றி, கார்த்திகை வாக்கில் பைக்கு மாற்றினால் தையில் அதே மாடியில் பழம் தொங்கும். கோவைக்காரர் தன் படத்தோடு ஊரையும் தேதியையும் சொல்லியிருந்தால் சென்னைக்காரரின் ஒரு பருவம் மிஞ்சியிருக்கும்.

வெயிலும் மழையும் மட்டுமல்ல, பகலின் நீளமும் இதில் இருக்கிறது. சென்னையில் ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. டிசம்பர் பகல் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். சில செடிகளுக்கு அதுவே கட்டளை. சிறகவரையைச் சித்திரையில் ஊன்றியவர்கள் ஆடி, ஆவணி முழுக்கக் கொடியைத்தான் பார்ப்பார்கள். பந்தலை மூடி, பக்கத்துக் கம்பியையும் பிடித்துக்கொண்டு ஓடும். ஒரு பூ இருக்காது. "இது மலடு" என்று வெட்டிப் போட்டவர்கள் உண்டு. பகல் சுருங்க வேண்டும் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசிக்கு மேல் நீலப் பூவாகப் பூத்து, நாலு சிறகு வைத்த காய்களாகக் கொட்டித் தீர்க்கும். நம் பழைய பந்தல் அவரையும் அப்படித்தான். எப்போது ஊன்றினாலும் பனிக்காலத்தில்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சாமந்தியும் குறும்பகலுக்குப் பூப்பதுதான். ஆகவே "என் சிறகவரை பூத்துவிட்டது" என்பது பாதிச் செய்தி. எந்த மாதம் ஊன்றி எந்த வாரம் பூத்தது என்பதே முழுச் செய்தி. நாலு வீட்டில் இதைக் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் சித்திரையில் அந்தப் பையை வெண்டைக்கு விட்டுவிட்டு, சிறகவரையை ஆடியில் ஊன்றலாம்.

பிஞ்சைக் காணோம் என்ற புடலைக்கு வருகிறேன். புடலை, சுரை போன்ற கொடிகளில் ஆண் பூ முதலில் வரும், பெண் பூ பிறகு; அதில் பயப்பட ஒன்றும் இல்லை. நீண்ட பகலும் கடும் வெயிலும் ஆண் பூவைக் கூட்டும் என்பதால் கோடையில் காத்திருப்பும் நீளும். அதற்கப்புறமும் பிஞ்சு வெம்பி விழுந்தால், பூ விரியும் நேரத்தைப் பாருங்கள். பூசணி விடியலில் விரிந்து முற்பகலுக்குள் வாடிவிடும். பாகல் காலையில். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் சாயங்காலத்துக்கு மேல். தேனீ கூடு திரும்பிய பிறகு விரியும் வெள்ளைச் சுரைப்பூவுக்கு அந்துப்பூச்சிதான் துணை. மூன்றாவது மாடிக்கு அது வருமென்று நம்பி இருக்க முடியாது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடும் வேலையைக் காலை ஆறு மணிக்குச் சுரையில் செய்வதைவிட, முந்தின மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் செய்வது பலன் தரும். எங்கள் தெருவில் இதைச் சொன்னவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தேதியோடு மணியையும் சேர்த்தே குறிப்பவர் அவர்.

பூச்சி வந்ததையும் சொல்ல வேண்டும். நோய் வந்த இலையைக் காட்டப் பலருக்கும் கூச்சம். 2008இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நாலு பக்கமும் பரவியபோது கொல்லைப் பப்பாளி, செம்பருத்தி எல்லாம் வெள்ளைப் பஞ்சாக மாறியது. எத்தனை மருந்தடித்தும் அடங்கவில்லை. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு அதைத் தின்றே வளரும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. இன்றும் உங்கள் பப்பாளி இலையில் மாவுப்பூச்சிகள் சில பழுப்பாக உப்பிக் காய்ந்திருந்தால், குளவி வந்துபோன அடையாளம் அது. அந்த வாரம் மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். அடுத்த மாடிக்காரரிடமும் சொல்லுங்கள். அவர் அடிக்கும் மருந்திலும் அது சாகும்.

விதை கொடுப்பதில் நம்மவர்கள் தாராளம். விதைத் திருவிழாக்களுக்குப் போனால் கை நிறைய மூக்குத்தி அவரை, யானைத்தந்த வெண்டை, குடுவைச் சுரை என்று அள்ளித் தருகிறார்கள். அந்தப் பொட்டலத்தில் பேர் மட்டும் இருந்தால் போதாது. வெண்டையிலும் கத்தரியிலும் தேனீ மகரந்தத்தைக் கலக்கிவிடும். சுரையில் கேட்கவே வேண்டாம். இரண்டு ரகச் சுரையை ஒரே மாடியில் வைத்தவர் எடுத்த விதையில் குடுவையும் வரலாம், நீளமும் வரலாம், இரண்டுமில்லாத ஒன்றும் வரலாம். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, அவற்றை ஓரளவு நம்பலாம். வீரிய ஒட்டு ரகமாக வாங்கிய தக்காளியின் விதையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்; பிள்ளைச் செடி தாயைப்போல வராது. விதை எடுத்த மாதம், பக்கத்தில் வேறு என்ன ரகம் இருந்தது என்று இரண்டே வரி எழுதிவைத்த பொட்டலத்தைத்தான் நான் முழு விதை என்பேன்.

நாள் கணக்கு வைப்பதில் பூச்செடிக்காரர்கள் கொஞ்சம் தேவலை. குண்டுமல்லியைக் கார்த்திகையில் கவாத்து செய்து இலையை உருவிவிட்டால் மாசி, பங்குனியில் மொட்டு வைக்கும் என்று நாள் தவறாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

புயல் மழையில் போன செடிகளின் கணக்கும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எந்தப் பந்தல் நின்றது, பையில் எத்தனை துளை போட்டவர் செடி அழுகாமல் தப்பியது என்பதெல்லாம் யார் நினைவிலாவது இருக்கும். எழுத்தில் இருந்தால் இந்த ஐப்பசிக்கு உதவும்.

வாசகர்களிடம் ஒரு கேள்வி. சாமந்திக்கு இரவில் விளக்குப் போட்டுப் பூக்கும் நாளைத் தள்ளிவைப்பது பூ வளர்ப்பில் நெடுங்காலமாக உள்ள முறை. குறும்பகல் செடிக்கு இரவின் இருட்டு கலையக் கூடாது. அப்படியானால் தெருவிளக்கு வெளிச்சம் விழும் மூலையில் இருக்கும் நம் பந்தல் அவரையும் சிறகவரையும் இருட்டான பக்கத்துக் கொடியைவிடத் தாமதமாகப் பூக்கின்றனவா? மாடியில் இரண்டு பக்கமும் கொடி வைத்திருப்பவர்கள் கார்த்திகை வரை பார்த்து, முதல் பூ விரிந்த நாளை எந்தப் பக்கம் என்பதோடு எழுதுங்கள். ரகத்தின் பேரையும், விதைத்த தேதியையும் சேர்த்து.