மேட்டில் ஏறட்டும் ஜெனரேட்டர்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சாய்த்தது. விழுந்த பலாவையும் முந்திரியையும் பேசினோம். நாள்கணக்கில் நீடித்த இருளையும் பேசினோம். அவ்விருளில் செயற்கைச் சுவாசத்தை நம்பிக் கிடந்தோரைப் பற்றிப் பேசினோமா?

2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்று வெள்ளம் ஒரு பெரிய மருத்துவமனைக்குள் புகுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோர் பலர் மாண்டனர். மின்தடையே காரணம் என்றனர் உறவினர், நிர்வாகம் மறுத்தது. ஆனால், நீரில் மூழ்கிய ஜெனரேட்டர் ஓடாது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

கெடிலக்கரையில் கடலூர், கொள்ளிடமும் வீராணமும் பெருகினால் நீர் சூழும் வட்டாரத்தில் சிதம்பரம். இவ்வூர்களின் மருத்துவமனைகளில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பது போதாது. வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்கிறதா, புகை நோயாளிகளின் அறைக்குள் புகாதா, டீசல் எத்தனை நாளுக்கு வரும், சுமையேற்றிச் சோதித்தது எப்போது என்றெல்லாம் ஐப்பசி பிறக்குமுன் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். விடைகளை மருத்துவமனை வாசலில் எழுதி வைக்கட்டும்.