ஜாகை எங்கே?

"அறை எதற்கு, ஐயா? ராத்திரி தலையைச் சாய்க்கத்தானே! எங்கே இருந்தால் என்ன? வாடகை மலிவாக இருந்தால் சரி."

வெளிநாட்டுப் பிரயாணம் என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவர்கள் உதிர்க்கும் வேதவாக்கு இது. விமான டிக்கெட்டுக்கு மூன்று மாதம் கணக்குப் போடுவார்கள். எந்தப் புடவை, எத்தனை ஊறுகாய்ப் பொட்டலம் என்று வீடே கூடி ஆலோசிக்கும். போகிற ஊரில் எந்தத் தெருவில் ஜாகை என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் ஏஜெண்டு பார்த்துக்கொள்வார்" என்று கையை விரித்துவிடுவார்கள்.

இந்த அலட்சியத்தோடுதான் எனக்குச் சண்டை. ஆசியாவின் பெருநகரங்களில் தங்குமிடம் என்பது இரவுக்கு மட்டும் வேண்டிய பொருள் அல்ல. அந்த ஊரில் எத்தனை மணி நேரம் உங்களுக்குச் சொந்தம், காலையில் யார் முகத்தில் விழிக்கப் போகிறீர்கள், கடைசியில் எந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரும்பப் போகிறீர்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான்.

மலிவு பேசுகிறவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயர். ஆகையால் முதலில் கணக்கையே பார்ப்போம். ஊருக்கு வெளியே அறை. பார்க்க வேண்டிய இடங்களுக்குப் போக ஒன்றரை மணி, திரும்ப ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 3 மணி. ஐந்து நாளைக்கு 15 மணி. மனிதன் விழித்திருக்கும் ஒரு முழு நாள் அது. ஐந்து நாளுக்குப் பணம் கட்டி, நாலு நாள் பார்த்துவிட்டு வருகிறோம். வாடகையில் மிச்சம் பிடித்த தொகையை டாக்ஸிக்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பது வேறு விஷயம்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவியோடு பாங்காக் போய் வந்தார். ஆயுளில் அது அவர்களுக்கு முதல் வெளிநாடு. ஏஜெண்டு கொடுத்த தாளில், 'மூன்று நட்சத்திர ஹோட்டல், அல்லது அதற்கு இணையானது' என்று அச்சிட்டிருந்தது. அந்த 'இணையானது' விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. நகரத்தின் நடுப்பகுதியோ சுமார் 30 கிலோமீட்டருக்கு அப்பால். தினமும் காலையில் ஒரு பஸ். அந்த பஸ் வாகன நெரிசலில் நிற்கும். இவர்கள் ஜன்னல் வழியே பக்கத்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே ரயில் ஒன்று பறந்ததாம். அது பாங்காக்கில் 1999-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலிருந்து ஓடும் மேம்பால ரயில். அதன் நிலையம் ஒன்றுக்கு அருகில் சாதாரண விடுதி ஒன்றில் அவர்களை இறக்கியிருந்தால், அந்தத் தம்பதி சாவோ பிராயா நதியில் பொதுஜனப் படகில் ஏறி, பூக்கட்டும் பெண்களோடு உட்கார்ந்து போயிருக்கலாம். "ஊர் எப்படி, சார்?" என்று கேட்டேன். "ரோடெல்லாம் அகலம்" என்றார், பாவம்.

இன்னொன்று. அறை இரவுக்குத்தான் என்கிறார்களே, நடுப்பகலை மறந்துவிட்டார்களா? பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பிற்பகல் 2 மணி வெயிலும் புழுக்கமும் நம் சென்னைக்குச் சற்றும் சளைத்தவை அல்ல. முழங்கால் வலியுள்ள அறுபத்தைந்து வயது அம்மாவை, கைக்குழந்தையை, காலையிலிருந்து ராத்திரி வரையில் அந்த வெயிலில் இழுத்தடிப்பது பிரயாணமா, தண்டனையா? அறை பக்கத்தில் இருந்தால் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுக்கலாம். மாலையில் குளித்துவிட்டு மறுபடியும் புதிதாகப் புறப்படலாம். பக்கத்தில் அறை எடுத்தவனுக்கு ஒரு நாளில் இரண்டு காலைப்பொழுது கிடைக்கிறது. தலை சாய்க்க மட்டும் என்றால் நம் வீட்டுத் திண்ணையே போதும். அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.

"பக்கத்தில் என்றால் வாடகை யானை விலை ஆயிற்றே?" என்பார்கள். புகழ் பெற்ற இடத்தில்தான் யானை விலை. டோக்கியோவைப் பாருங்கள். நகரின் நடுவே யாமனோதே என்ற ரயில் வட்டமாக ஓடுகிறது. சுற்றளவு 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த வட்டத்தில் நீங்கள் எந்த நிலையத்தில் இருந்தாலும் மற்ற எந்த நிலையமும் அரை மணிக்கு மேல் போகாது. அப்படியிருக்க, எல்லோரும் ஷின்ஜுகு, ஷிபுயா என்ற இரண்டு பெயர்களையே ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அதே வட்டத்தில் சுகாமோ என்று ஒரு நிலையம் இருக்கிறது. அதன் கடைத்தெருவுக்கு பாட்டிமார்களின் கடைத்தெரு என்று பெயர். அங்கே ஒரு கோயில். 4, 14, 24 தேதிகளில் சந்தை. உடம்பு நோவு தீர வேண்டிக்கொண்டு வரும் கிழவிகளின் நடுவே நம் அம்மாவும் ஒரு கிழவியாக நடக்கலாம். அறை சிறியதாக இருக்கும். பெட்டியைத் திறந்தால் கட்டிலில் ஏறித்தான் கதவுக்குப் போக வேண்டும். இருக்கட்டுமே! தொலைவில் இருக்கும் பெரிய அறையைவிட ரயிலடியில் இருக்கும் சின்ன அறை ஆயிரம் மடங்கு மேல். அங்கே நள்ளிரவு தாண்டினால் ரயில்கள் நின்றுவிடும். பிறகு டாக்ஸி கட்டணத்தைக் கேட்டால் வந்த தூக்கமும் போய்விடும்.

இனி, எதிர்க்கட்சிக்கு வருகிறேன். மலிவுக் கட்சியைத் திட்டியதும், "அதனால்தான் நாங்கள் பெரிய ஹோட்டலில் தங்குகிறோம்" என்று சிலர் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அவர்கள் பார்த்தது என்ன? இருபதாவது மாடியின் கண்ணாடி ஜன்னல். கீழே எறும்பு மாதிரி மனிதர்கள். ஹோட்டலிலிருந்தே கடை மாளிகைக்குள் போக ஒரு குளிர்பாலம். அதே சலவைக்கல் தரை, அதே காபி, அதே மெல்லிய சங்கீதம். துபாய்க்கும் ஷாங்காய்க்கும் அங்கே என்ன வித்தியாசம்? பல்லக்கில் திரை போட்டுக்கொண்டு ஊர்வலம் போன ஜமீன்தார் கண்ட ஊரைத்தான் இவர்களும் கண்டார்கள்.

மூன்றாவது கட்சி நமக்கு நெருங்கின கட்சி. "நம்மவர் தெருவில் தங்க வேண்டும், இட்லி கிடைக்க வேண்டும்." இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வயிறு என்று ஒன்று இருக்கிறது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்குவது நல்ல யோசனைதான். ஆனால் இட்லி அதற்கு இரண்டாவது காரணம். முதல் காரணம், அது சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருப்பது. ரயில்வேயில் உழைத்த தமிழர்களும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் குடியேறி வளர்ந்த பேட்டை அது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் 28 நிமிஷத்தில் கொண்டுவந்து சேர்ப்பதும் அங்கேதான். ரயிலை நம்பிப் பிழைத்த அந்த மக்களுக்கு, எங்கே குடியிருக்க வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது!

ஆனால் இதே கட்சிக்காரர்கள் சிங்கப்பூருக்குப் போனால் சொல்வதைக் கேளுங்கள்: "சிராங்கூன் ரோடு பக்கம் ரூம் போடலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஒரே கூலிக்காரக் கும்பல்." கேட்டு எனக்கு உடம்பு கூசியது. யார் அந்தக் கும்பல்? புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் கடன் வாங்கிப் போன நம் பிள்ளைகள். வங்காள தேசத்துப் பிள்ளைகள். நீங்கள் அண்ணாந்து பார்க்கும் மாளிகைகளையும் நீங்கள் ஏறும் ரயிலின் சுரங்கங்களையும் கட்டின கைகள் அவை. வாரத்தில் ஆறு நாள் உழைத்து, ஊருக்கு வெளியே தொழிலாளர் விடுதிகளில் படுத்து, ஏழாம் நாள் வீட்டுக்குப் பணம் அனுப்பவும் ஊர்க்காரன் முகத்தைப் பார்க்கவும் அந்தத் தெருவுக்கு வருகிறார்கள். இட்லி வேண்டும், அதைச் சாப்பிடும் தமிழன் வேண்டாம் என்றால் என்ன நியாயம்? ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தெருவில் நில்லுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சிங்கப்பூர் என்ன விலைக்குக் கட்டப்பட்டது என்பது அங்கேதான் தெரியும்.

நாலாவது கட்சி புதிது. கைப்பேசியைத் தட்டினால் குடியிருப்பு வீடு ஒன்று நாலு நாளைக்கு வாடகைக்குக் கிடைக்கிறது. 'உள்ளூர்வாசியைப் போல வாழுங்கள்' என்று விளம்பரம். உள்ளூர்வாசியைக் காலி செய்துவிட்டு, அவன் வீட்டில் அவனைப் போல வாழ்வதாம்! மாட வீதியில் நாலு தலைமுறை இருந்த குடும்பம் வாடகை கட்ட முடியாமல் புறநகருக்குப் போய், அந்த வீட்டில் வாரம் ஒரு புது முகம் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தால் மயிலாப்பூர் மயிலாப்பூராக இருக்குமா? இந்த வேதனை பல நகரங்களுக்கு உண்டு. அதனால்தான் சட்டங்கள் வந்தன. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. அரசு வீடமைப்பு அடுக்குகளில் 6 மாதம். ஜப்பானில் 2018 ஜூன் மாதம் அமலுக்கு வந்த சட்டம், இப்படி விடும் வீடுகளுக்கு வருஷத்தில் 180 நாள் என்று வரம்பு கட்டியது. சியோலில் புக்சோன் என்ற பழைய ஓட்டு வீட்டுப் பேட்டையில், ஜனங்கள் வாசலில் நின்று படம் பிடிக்கிறவர்களைத் தாங்கமாட்டாமல் முறையிட்டார்கள். 2025 மார்ச்சிலிருந்து அங்கே ஒரு பகுதியில் மாலை 5 மணிக்கு மேல் மறுநாள் காலை 10 மணி வரையில் சுற்றிப் பார்க்க நுழைந்தால் அபராதம். சமையலறை வேண்டும் என்கிற பெரிய குடும்பம், உரிமம் பெற்ற அடுக்கக விடுதியில் தங்கட்டும். சட்டத்தை ஏய்த்து ஒருவர் வீட்டுக்குள் புகுந்து மிச்சம் பிடிக்கும் காசு நமக்கு வேண்டாம்.

இதெல்லாம் உல்லாசப் பிரயாணிகளின் கவலை என்று தோன்றுகிறதா? மும்பைக்கு வாருங்கள். பரேலில் 1941-ல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்கு வைத்தியம் தேடி, தேசத்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஏழைகள் அங்கே வருகிறார்கள். வெளியே நடைபாதையில் துணியை விரித்து, நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் படுத்துக் கிடப்பது அந்த நகரம் அறிந்த காட்சி. பணமில்லாமைதான் பெரிய காரணம். அது மட்டுமே காரணம் அல்ல. மருந்து ஏற்றிக்கொண்டு வாந்தி எடுக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த ஊர் மின்சார ரயில் நெரிசலில் ஒரு மணி நேரம் போக முடியுமா? "எங்கே இருந்தால் என்ன?" என்ற கேள்வியை அந்தத் தாயிடம் கேட்டுப் பாருங்கள். காட்கே மகராஜ் பெயரால் தாதரில் நடக்கும் தர்மசாலை இந்த நோயாளிகளுக்கு இடம் கொடுக்கிறது. பரேலுக்குப் பக்கத்தில் தாதரில் இருப்பதனால்தான் அது தர்மம். முப்பது மைலுக்கு அப்பால் இருந்தால் அது வெறும் கட்டடம்.

நம் முன்னோருக்கு இது தெரியும். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-ல் சத்திரம் வைத்தபோது, விசுவநாதர் சந்நிதிக்கு நடந்து போகும் தூரத்தில்தான் வைத்தார்கள். வாடகை மலிவு என்று கங்கைக்கு அக்கரையில் வைக்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு என் யோசனை இது. புறப்படுமுன் ஊரின் படத்தை விரியுங்கள். போகத் தீர்மானித்த மூன்று நாலு இடங்களைப் புள்ளி வையுங்கள். அவற்றை இணைக்கும் ரயில் பாதையைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பாதையில் பெயர் பெறாத ஒரு நிலையத்திலிருந்து, பெட்டியோடு பத்து நிமிஷ நடைக்குள் உள்ள ஒரு சாதாரண விடுதியைத் தேடுங்கள். அறையின் படத்தைவிடத் தெருவின் படத்தை அதிக நேரம் பாருங்கள். காலையில் காய்கறி விற்கிற தெருவா? இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து வரும் தெருவா? நிலையத்தில் மின்தூக்கி உண்டா? விடுதியில் தீ விபத்து நேர்ந்தால் வெளியேற இன்னொரு வழி உண்டா? இந்த நாலும் சரியாக இருந்தால், மெத்தை கொஞ்சம் கெட்டியாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஏஜெண்டு மூலமாகத்தான் போகிறீர்களா? போங்கள்; அதில் தப்பில்லை. முன்பணம் கட்டுமுன், 'அல்லது அதற்கு இணையானது' என்ற வரியை உங்கள் பேனாவாலேயே அடித்துவிட்டு, ஹோட்டலின் பெயரையும் தெருவின் பெயரையும் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தை எண்ணாமல் எழுந்து வந்துவிடுங்கள். பதினைந்து வருஷம் சேர்த்த பணம். அதைக் கொடுக்கிறவர்களுக்குத் தெருப் பெயரைக் கேட்கும் உரிமைகூட இல்லையா?