மிச்சமா, பிடி அரிசியா?

பவானிபூரில் பசித்தவனுக்குச் சோறு கிடைக்காமல் போகாது என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். பாதி நிஜம்தான். ஹரீஷ் முகர்ஜி சாலை குருத்வாராவில் லங்கர் உண்டு. துர்கா பூஜை வந்தால் பந்தலுக்குப் பந்தல் கிச்சுடி பிரசாதம். 2021-ல் அரசாங்கம் ஆரம்பித்த 'மா' கேண்டீனில் 5 ரூபாய்க்குச் சோறு, பருப்பு, காய், முட்டைக் குழம்பு. 2013-ல் வந்த நம்மூர் அம்மா உணவகத்தின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன், பேர் கூட அதேதான் :-)

ஆனால் 'மா' கேண்டீன் மதியச் சாப்பாட்டோடு சரி. பூஜை வருஷத்துக்கு ஐந்து நாள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு? அந்த நேரத்தில் அடுப்பு எரிவது ஹோட்டல்களில்தான். அதனால் தெருமுனை ஹோட்டல்காரர்தான் இதற்குச் சரியான ஆள் என்பது என் கட்சி.

புது யோசனை ஒன்றும் இல்லை. 2016-ல் கொச்சியில் 'பப்படவடா' உணவகம் தன் வாசலில் ஒரு ஃப்ரிட்ஜ் வைத்தது. 2017-ல் சென்னை பெசன்ட் நகரில் 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் இன்னொன்று. அதே வருஷம் நமக்குப் பக்கத்திலேயே, பார்க் சர்க்கஸ் பகுதியில், 'சாஞ்சா சூல்ஹா' உணவகத்தார் 'ஃபுட் ஏடிஎம்' தொடங்கினார்கள். உணவகமும் வைக்கலாம், சாப்பிட வந்தவர்களும் வைக்கலாம். பசித்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். இதையெல்லாம் "வீணாகிற உணவைக் காப்பாற்றுவது" என்றே பேசுகிறோம். மிஞ்சியதைப் பத்திரமாகக் கொடுக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறைகளே போட்டிருக்கிறது. நல்லது, தேவையானதும்கூட. ஆனால் மிச்சத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? வியாபாரம் அமோகமாக நடந்த அன்றைக்கு ஃப்ரிட்ஜ் காலி. பசி என்ன, கல்லாவைப் பார்த்துவிட்டா வரும்?

நம் வீடுகளில் பிடி அரிசி என்று ஒரு பழக்கம் இருந்தது. காஞ்சிப் பெரியவர் வலியுறுத்தியது. உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். வங்காளிகளிடமும் இது உண்டு, 'முஷ்டி பிக்ஷா' என்பார்கள். கவனியுங்கள், சாப்பிட்டு மிஞ்சியதில் அல்ல, சமைக்கும் முன்பே எடுத்து வைப்பது. ஐயமிட்டு உண் என்பதிலும் அதே வரிசைதான்.

ஹோட்டல்காரரும் ராத்திரிக்கு அரிசி அளக்கும்போதே ஐந்து பேருக்குச் சேர்த்து அளக்கட்டும். ஐந்தே பொட்டலம், சமைத்த தேதி, நேரம் எழுதி. முழுச் சுமையும் அவருக்கு வேண்டாம். பார்சல் வாங்கப் போகிற நாம் பில்லோடு ஒரு பொட்டலத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வரலாமே.

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஊர்க் கோயிலுக்கு அன்னதானப் பணம் அனுப்புகிறோம். அது நடக்கட்டும். அதில் ஒரு பிடி நாம் குடியிருக்கிற தெருவுக்கும் போகட்டும். இப்போது நமக்குச் சோறு போடுவது இந்த ஊர்தானே?