பிளக் கொடுத்தது தப்பா?

குட்டீஸ்! பரீட்சை நேரம். பக்கத்து பெஞ்சுப் பையனின் பேனா எழுதாமல் நின்றுவிட்டது. முதல் ரேங்குக்கு உங்களோடு முட்டி மோதுபவனே அவன்தான். உங்கள் பாக்சில் இன்னொரு பேனா இருக்கிறது. கொடுப்பீர்களா?

1930ல் இதே மாதிரி ஒரு சோதனை ஒரு விமானிக்கு வந்தது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனி ஆளாக, ஒரு மாதத்துக்குள் பறந்து காட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று அறிவித்திருந்தார் ஆகாகான். எந்தப் பக்கமிருந்தும் கிளம்பலாம். மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். மன்மோகன் சிங் (நம் முன்னாள் பிரதமர் இல்லை, இவர் வேறு!) இந்தியா வந்து சேர்ந்துவிட்டார். ஆனால், ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டது. பரிசு போச்சு! மீதி இரண்டு பேர். 17 வயது ஆஸ்பி என்ஜினியர் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்கு வருகிறார். 25 வயது ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து இங்கிலாந்துக்குப் போகிறார்.

அவர்கள் ஓட்டிய ஜிப்சி மாத் விமானத்துக்கு மேலே கூரையே கிடையாது. வெயிலும் மணல்காற்றும் முகத்தில் அடிக்கும். வழி சொல்ல ரேடியோ இல்லை, வரைபடமும் திசைகாட்டியும்தான். இறங்கி இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

அப்படி எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் டாட்டா இறங்கினால், அங்கே ஆஸ்பி கிளம்ப முடியாமல் நிற்கிறார்! ஸ்பார்க் பிளக் பிரச்னை. ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் மெக்கானிக் கழற்றித் துடைப்பாரே, அதேதான். அதில் பொறி வராவிட்டால் என்ஜின் ஓடாது. ஆஸ்பியிடம் மாற்று பிளக் இல்லை. டாட்டாவிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஆஸ்பி தன் மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். டாட்டா இனிமேல்தானே கடல் தாண்ட வேண்டும்!

ஆஸ்பி கராச்சியில் இறங்கியபோது, டாட்டா லண்டன் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பரிசு ஆஸ்பிக்கு!

இந்தக் கதையைக் கேட்டு டாட்டாவை 'ஏமாளி' என்பவர்கள் உண்டு. 'தியாகி' என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அவர் போட்டியை விட்டுக்கொடுக்கவே இல்லையே! பிளக்கைக் கொடுத்துவிட்டு, ஜெயிக்கத்தான் பறந்தார். யார் நன்றாகப் பறக்கிறார் என்பதுதானே போட்டி? எதிராளி தரையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது கிடைக்கும் வெற்றியில் என்ன ருசி இருக்கும்?

"மாற்று பிளக் எடுத்து வருவதும் திறமைதானே, சார்?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி! ஆனால், அந்தத் தப்புக்கு ஆஸ்பி அபூகிரில் நேரத்தை இழந்து ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார். பரிசையும் சேர்த்துப் பிடுங்க வேண்டுமா என்ன?

ஆஸ்பி பிறகு விமானப்படையில் சேர்ந்தார். 1960ல் அதன் தளபதியே ஆனார். டாட்டா 1932ல் கராச்சியிலிருந்து மும்பைக்குத் தபால் விமானம் ஓட்டினார்; அந்தச் சேவைதான் வளர்ந்து ஏர் இந்தியா ஆனது. தான் தோற்ற இந்தப் போட்டியைப் பற்றி வயதான பிறகும் சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.